க்ளான்மக்னாய்ஸ் மடாலயம் (அயர்லாந்து): இத்தனை தாக்குதலையும் தாண்டி நின்ற ஊர் எதனால் காலியானது?

ஆற்றோரம்:
அயர்லாந்து என்றால் டப்ளின், மேற்குக் கடற்கரைப் பாறைகள், இதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாட்டின் நட்டநடுவே, ஷானன் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் க்ளான்மக்னாய்ஸ் பற்றி நம் தளத்தில் ஒரு இழைகூட இல்லை. நான் இருப்பது பக்கத்து ஊரான அத்லோனில். அங்கே போய்வரும் ஒவ்வொருவரும் "வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையர்) அழித்த மடம்" என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதனால்தான் இந்த இழை.

முதலில் சுருக்கமாக வரலாறு. கி.பி. 544 வாக்கில் கீரான் என்ற இளம் துறவி, ஒரு தச்சரின் மகன், சில தோழர்களோடு இங்கே வந்து இறங்கினார். முதல் மரக்கம்பத்தை ஊன்ற டியர்மிட் என்ற அரசகுலத்தவர் கைகொடுத்தார் என்று மரபு சொல்கிறது. அந்த டியர்மிட் விரைவிலேயே தாரா (அயர்லாந்தின் பேரரசர் பீடம்) அரியணை ஏறினார். கீரானோ ஒரு வருடத்துக்குள் கொள்ளைநோயில் போய்விட்டார். வயது 33 என்பார்கள். நிறுவியவர் இல்லாமலேயே அந்த இடம் வளர்ந்து, அயர்லாந்தின் மிகப் பெரிய மடங்களில் ஒன்றாக 600 வருடத்துக்கு மேல் செல்வாக்கோடு இருந்தது.

இன்று நிற்பவை: ஒரு பேராலயம், அதைச் சுற்றிச் சிறு கோயில்கள், இரண்டு வட்டக் கோபுரங்கள், உயரமான கற்சிலுவைகள், 700-க்கும் மேற்பட்ட பழைய கல்லறைப் பலகைகள். கூரை இல்லாத சுவர்கள்தான் பெரும்பாலும். யாருக்கு என்ன தெரியுமோ எழுதுங்கள்.

செந்தூரன்:
நல்ல இழை. ஆனால் வைக்கிங்குகளை இவ்வளவு சுலபமாக விடுவிக்க முடியாது. 840-களில் துர்கேஸ் என்ற தலைவன் கப்பல் படையோடு ஷானன் வழியாக லஃப் ரீ ஏரிவரை வந்து, க்ளான்மக்னாய்ஸைக் கொளுத்தினான். அவன் மனைவி ஓட்டா மடத்துக் கோயிலின் பீடத்தின் மேல் உட்கார்ந்து குறிசொன்னாள் என்றுகூடப் படித்திருக்கிறேன். ஆற்றங்கரையில் இருந்ததால் நீண்ட படகுகள் நேராக வாசலுக்கே வந்துவிடும். ஒரு மடத்துக்கு அதைவிடப் பெரிய அபாயம் என்ன?

கல்வெட்டுப்பிரியன்:
செந்தூரன், துர்கேஸ் வந்தது உண்மை. ஆண்டுக்குறிப்புகளில் இருக்கிறது. 845-ல் மேல் ஷெக்னில் என்ற ஐரிஷ் அரசர் அவனைப் பிடித்து ஏரியில் மூழ்கடித்ததும் இருக்கிறது. ஓட்டா பீடத்தில் அமர்ந்த கதை மட்டும் வேறு வகை. அது 12-ஆம் நூற்றாண்டில், மன்ஸ்டர் (அயர்லாந்தின் தென்பகுதி) அரச பரம்பரை ஒன்றின் புகழ்பாட எழுதப்பட்ட நூலில் வருவது. வைக்கிங்குகளை எவ்வளவு கொடியவர்களாகக் காட்டுகிறோமோ அவ்வளவு தம் முன்னோர் பெருமை உயரும் என்பது அந்த நூலின் கணக்கு. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதியதை நேரில் பார்த்த சாட்சியாக எடுக்கக் கூடாது.

இப்போது வேறொரு பெயரைச் சொல்கிறேன்: ஃபெட்லிமித், மன்ஸ்டரின் அரசர். 833-ல் அவர் க்ளான்மக்னாய்ஸ் மடத்து ஆட்களைக் கொன்று, அதன் நிலங்களைக் கோயில் வாசல்வரை எரித்தார் என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு பதிவு செய்கிறது. துர்கேஸுக்குப் பத்து வருடம் முந்தைய சம்பவம். அதன் பிறகும் அவர் திரும்பத் திரும்ப வந்தார். அவர் கிறிஸ்தவர் மட்டும் அல்ல, கடுமையான நோன்பு ஒழுக்கத்தை வலியுறுத்திய ஒரு துறவு இயக்கத்தோடு சேர்ந்தவரும்கூட! 847-ல் அவர் வயிற்று நோயால் இறந்தபோது, கீரானே கனவில் வந்து தன் கோலால் வயிற்றில் குத்திவிட்டார் என்று மக்கள் கதை கட்டினார்கள். தாக்கியவர்களைக் கணக்குப் பார்த்தால் ஐரிஷ்காரர்கள் பங்குதான் அதிகம்.

செந்தூரன்:
கிறிஸ்தவ அரசர் கிறிஸ்தவ மடத்தை ஏன் எரிக்க வேண்டும்? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கொள்ளைக்காக என்றால் வைக்கிங்குக்கும் இவருக்கும் வித்தியாசமே இல்லையே.

கல்வெட்டுப்பிரியன்:
மடம் என்றதும் உயர்ந்த மதில், உள்ளே மௌனமாக ஜெபிக்கும் துறவிகள் என்று மனதில் வருகிறது. க்ளான்மக்னாய்ஸ் அப்படி இருக்கவில்லை. அது ஒரு ஊர். ரோமானியர்கள் அயர்லாந்துக்கு வரவே இல்லை, ஆகவே பழைய நகரங்கள் என்று எதுவும் அங்கே கிடையாது. பெரிய மடங்களே நகரங்கள் ஆயின. 1990-களில் இன்றைய புதிய கல்லறைத் தோட்டப் பகுதியில் அகழாய்வு செய்தபோது சரளைக்கல் பாவிய தெரு, வீடுகளின் அடித்தளங்கள், உலோகம் உருக்கிய தடங்கள், மான்கொம்பில் சீப்பு செய்த கழிவுகள் எல்லாம் கிடைத்தன. 1179-ல் ஒரே தீயில் 105 வீடுகள் எரிந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. நூறு வீடு எரியும் இடத்தை ஆசிரமம் என்று சொல்ல முடியுமா?

ஊர் என்றால் நிலம், மாடு, குத்தகை, குடிபடை எல்லாம் சேர்ந்துதான். மடத்தலைவர் பதவிகூடச் சில குடும்பங்களுக்குள்ளேயே தகப்பன், மகன் என்று போயிற்று. மடத்துக்கென்று ஆயுதம் ஏந்திய ஆட்களும் இருந்தார்கள். 764-ல் க்ளான்மக்னாய்ஸ் ஆட்களும் டரோ மடத்து ஆட்களும் ஆர்கமன் என்ற இடத்தில் போரிட்டு, டரோ பக்கம் 200 பேர் செத்தார்கள். இரண்டும் புனிதர்கள் நிறுவிய மடங்கள். வைக்கிங்குகள் அயர்லாந்தில் கால்வைப்பதற்கு 31 வருடம் முன்பு நடந்தது இது.

மடத்துக்குப் பின்னால் ஒரு அரச வம்சம் நிற்கும். அந்த வம்சத்தின் எதிரிக்கு மடமும் எதிரி. ஃபெட்லிமித் தாக்கியது எதிரி அரசர்களின் கருவூலத்தையும் கௌரவத்தையும். வைக்கிங் வந்தது வெள்ளிக்கும் அடிமைகளுக்கும். எரிந்த குடிசைக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான், அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஜோசப்_தூத்துக்குடி:
இந்த இழையைப் படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979 செப்டம்பர் 30 அன்று அங்கே போனதால்தான் இந்தப் பெயரே எனக்குத் தெரியும். இன்னும் வழிபாடு நடக்கிறதா? கீரானின் கல்லறை இருக்கிறதா?

ஆற்றோரம்:
இரண்டுக்கும் ஆம் என்றே சொல்லலாம், ஜோசப் அண்ணா. டெம்பிள் கானர் என்ற சிறு கோயிலில் அயர்லாந்துத் திருச்சபையினர் (ஆங்கிலிக்கன் பிரிவு) இன்றும் வழிபடுகிறார்கள். கத்தோலிக்கர்களுக்குக் கீரானின் திருநாள் செப்டம்பர் 9. அந்த நாளை ஒட்டி வரும் கூட்டத்தைப் பார்த்தால் இடிபாடு என்ற நினைப்பே வராது. போப் வந்ததற்கு நினைவாகக் கூரையோடு ஒரு திறந்தவெளிப் பீடமும் இருக்கிறது.

கீரானின் கல்லறை என்று நம்பப்படுவது டெம்பிள் கீரான். அங்கே இருப்பவற்றிலேயே மிகச் சிறியது, உள்ளே நீளம் நாலு மீட்டர்கூட வராது. சுவர்கள் கோணலாகச் சாய்ந்து நிற்கும். சுற்றுவட்டார விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கோயிலின் தரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் வயலின் நாலு மூலையிலும் போடுவார்கள். பயிருக்கும் மாட்டுக்கும் நோய் அண்டாது என்ற நம்பிக்கை. அள்ளி அள்ளி உள்தரை வெளியே இருப்பதைவிடத் தாழ்ந்தே போய்விட்டது. சுவர் விழுந்துவிடும் என்று கடைசியில் தரைக்குப் பலகைக்கல் பதித்தார்கள். எந்த அரசன் கட்டியதையும்விட இந்தப் பள்ளம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மடம் போன பிறகும் மக்கள் அந்த மனிதரை விடவில்லை.

தச்சன்மகன்:
நான் கட்டுமானத் துறை ஆள், அதனால் கோபுரங்களைப் பற்றி மட்டும். வைக்கிங் வந்தால் ஏறி ஒளிந்துகொள்ளக் கட்டியவை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எனக்கு இது ஒத்துவரவே இல்லை.

ஓரூர்க் கோபுரம் என்று அழைக்கப்படும் பெரிய கோபுரம் 1124-ல் கட்டி முடிக்கப்பட்டது. வைக்கிங்குகள் அதற்குள் டப்ளினிலும் லிம்ரிக்கிலும் கிறிஸ்தவ வணிகர்களாகக் குடியேறி வெகு காலம் ஆகிவிட்டது! வாசல் தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால்தான் இந்த ஒளிந்துகொள்ளும் கதை வந்தது. இந்தக் கோபுரங்களுக்கு அடித்தளம் ஆழம் குறைவு. அடியில் ஒரு ஓட்டை போட்டால் உருளை பலவீனமாகும், மேலே போட்டால் பலம் கெடாது. என் பார்வையில் உயர வாசலுக்கு இது ஒரு வலுவான காரணம்.

இன்னொன்று, கோபுரம் என்பது உள்ளே மரத்தளங்களும் ஏணிகளும் கொண்ட நீளக் குழாய். கீழே தீ வைத்தால் புகைபோக்கியாகிவிடும். ஸ்லேன் என்ற இடத்தில் 950-ல் டப்ளின் வைக்கிங்குகள் மணிக்கோபுரத்தைக் கொளுத்தியபோது உள்ளே இருந்தவர்கள் எரிந்தே போனார்கள். 1097-ல் மொனாஸ்டர்பாய்ஸ் கோபுரம் புத்தகங்களோடு எரிந்தது. பொருளைப் பூட்டி வைத்திருக்கலாம், ஆபத்தில் சிலர் ஓடி ஏறியும் இருக்கலாம். கட்டியது மணி அடிக்க, தூரத்திலிருந்து தெரிய.

க்ளான்மக்னாய்ஸின் இரண்டாவது கோபுரத்தைப் பாருங்கள். டெம்பிள் ஃபிங்கின் என்ற கோயிலோடு ஒட்டியே கட்டியிருக்கிறார்கள், 12-ஆம் நூற்றாண்டு. அதன் வாசல் தரை மட்டத்தில், கோயிலுக்குள்ளிருந்தே போகும்படி. ஒளிய வேண்டும் என்றால் யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். அதன் கூம்புத் தலையில் கற்களை மீன்முள் போலச் சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள், இன்றும் முழுசாக இருக்கிறது. அந்தக் கொத்தனாரின் கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

பெரிய கோபுரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கட்டிப் பதினோரு வருடத்தில், 1135-ல், மின்னல் விழுந்து தலை போய்விட்டது. இப்போது நிற்பது சுமார் 19 மீட்டர்.

மீனலோசனி:
எல்லோரும் அரசர்களையும் கோபுரங்களையும் பற்றியே பேசுகிறீர்கள். பிரதான வளாகத்துக்கு வெளியே, கிழக்கே பழைய பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் கன்னியர் கோயில் இருக்கிறது. 1167-ல் அதைக் கட்டி முடித்தவர் டெர்வர்கில்லா.

இந்தப் பெண்மணியை அயர்லாந்தில் நூற்றாண்டுகளாகத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். ப்ரெஃப்னி அரசர் டியர்னன் ஓ ரூர்க்கின் மனைவி. 1152-ல் லின்ஸ்டர் அரசர் டெர்மட் மெக்மரோ அவரைக் கொண்டுபோனார். தன் மாடுகளோடும் சீதனப் பொருட்களோடும் போனார் என்கிறது குறிப்பு. அடுத்த வருடமே திரும்பினார். பல வருடம் கழித்து, 1166-ல் டெர்மட் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார். அவர் இங்கிலாந்து அரசர் ஹென்றியிடம் உதவி கேட்க, 1169-ல் நார்மன் படை வந்து இறங்கியது. உடனே "ஒரு பெண்ணால் நாடு போயிற்று" என்று எழுதிவிட்டார்கள். கடத்தலுக்கும் நார்மன் வருகைக்கும் நடுவே 17 வருட அரசியல், எத்தனையோ போர்கள். அதெல்லாம் இந்தக் கதையில் காணாமல் போய்விடுகிறது.

அவரோ 1157-ல் மெல்லிஃபன்ட் மடத்துக் கோயில் திறப்பில் 60 அவுன்ஸ் தங்கமும் பொன் கிண்ணமும் கொடுத்தார், பிறகு க்ளான்மக்னாய்ஸில் இந்தக் கோயிலை முடித்தார், கடைசியில் மெல்லிஃபன்ட் போய் 1193-ல் அங்கேயே இறந்தார். கன்னியர் கோயிலின் வளைவுகளில் செதுக்கியிருக்கும் பின்னல்களையும் மிருகத் தலைகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் ரோமனெஸ்க் (அரைவட்ட வளைவுகள் கொண்ட பழைய கட்டடப் பாணி) வேலைகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. இடிந்து கிடந்ததை 1860-களில் ஒரு தொல்லியல் சங்கம் கற்களைப் பொறுக்கி எடுத்து மறுபடி நிறுத்தியது.

கல்வெட்டுப்பிரியன்:
மீனா அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். அரசர்களின் நன்கொடைக்கு வேறொரு சாட்சி, வேதாகமச் சிலுவை. நாலு மீட்டர் உயர மணற்கல். இதுவும் பேராலயமும் ஒரே கூட்டணியின் வேலை: அரசர் ஃப்ளான் சின்னா, மடத்தலைவர் கோல்மன். பேராலயம் 909. நார்மன்களுக்கு முந்தைய அயர்லாந்துக் கோயில்களில் இன்று நிற்பவற்றில் அதுவே பெரியது. சிலுவையின் அடியில் ஃப்ளானுக்காகவும் கோல்மனுக்காகவும் ஜெபிக்கச் சொல்லும் எழுத்துகள் தேய்ந்துபோய் இருக்கின்றன. சிலுவையில் செதுக்கிய சதுரக் கட்டங்கள் ஒன்றுக்குள் இரண்டு பேர் ஒரு கம்பத்தைப் பிடித்து நிற்பார்கள். கீரானும் டியர்மிட்டும் முதல் கம்பம் ஊன்றும் காட்சி என்று பலரும் கருதுகிறார்கள். அரசனும் மடமும் சேர்ந்து நிற்பதைக் கல்லில் எழுதி வைத்த மாதிரி.

வெளியே இப்போது நிற்பது நகல். மழையும் காற்றும் அரித்ததால் 1990-களின் தொடக்கத்தில் அசல் சிலுவைகளைப் பார்வையாளர் மையத்துக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஜோசப்_தூத்துக்குடி:
சரி, கேள்விக்கு வருவோம். இவ்வளவு அடிவாங்கியும் 600 வருடம் நின்றது என்றால், எதனால் போயிற்று?

ஆற்றோரம்:
என் பதில்: பாதை மாறியது.

வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அயர்லாந்தின் நடுப்பகுதி முழுக்கக் கரிச்சதுப்பு. அதன் குறுக்கே, பனியுகம் விட்டுப்போன சரளைமேடுகள் கிழக்கு மேற்காகக் கரைபோல ஓடுகின்றன. மழைக்காலத்திலும் மாடு ஓட்டிப்போகக்கூடிய நாட்டின் பெருவழி அதுதான். வடக்கு தெற்காக ஓடும் ஷானனை அந்த வழி வெட்டும் இடத்தில் கீரான் இறங்கினார். அவர் தனிமையைத் தேடி வந்திருந்தால் இதைவிட மோசமான இடம் கிடைத்திருக்காது.

1990-களில் மூழ்காளர்கள் இங்கே ஆற்றடியில் வரிசை வரிசையாக ஓக் தூண்களைக் கண்டுபிடித்தார்கள். மரவளையங்களை எண்ணியதில் 804-ல் வெட்டிய மரங்கள் என்று தெரிந்தது. நூறு மீட்டருக்கு மேல் நீளமான மரப்பாலம்! கூடவே குடைவுத் தோணிகளும் கோடரிகளும் கிடைத்தன. வைக்கிங் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, பயந்து ஒடுங்காமல் பாலம் கட்டிய ஊர் இது. ஒவ்வொரு தடவை எரிந்தபோதும் திரும்ப எழுந்ததற்குக் காரணம் இந்தச் சந்திதான். வழிப்போக்கரும் வணிகரும் யாத்ரீகரும் வந்துகொண்டே இருந்தால் கூரை வேய்வதற்குப் பணம் வந்துவிடும்.

பிறகு அத்லோன். 1120-ல் மேற்குப் பகுதியின் அரசர் டர்லோ ஓ கானர் அங்கே பாலம் கட்டினார். க்ளான்மக்னாய்ஸுக்கு அள்ளிக்கொடுத்த அதே டர்லோ. 1156-ல் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். அவர் மகன் ரோரி, அயர்லாந்தின் கடைசிப் பேரரசர், 1198-ல் அவரும் இங்கேதான். 1210-ல் நார்மன்கள் அத்லோனில் கல்கோட்டையும் பாலமும் எழுப்பினார்கள். அதன் பின் ஆற்றைக் கடப்பவர்கள் வடக்கே போனார்கள். 1214-ல் க்ளான்மக்னாய்ஸிலும் ஒரு கோட்டை வந்தது, ஆனால் ஊர் அத்லோனில்தான் வளர்ந்தது. அந்தக் கோட்டையின் சுவர்த்துண்டு இப்போது மேட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது.

கல்வெட்டுப்பிரியன்:
இதோடு இன்னொன்றைச் சேர்க்கணும். திருச்சபைச் சீர்திருத்தம். 12-ஆம் நூற்றாண்டில் ரோமைப் பின்பற்றி அயர்லாந்து முழுவதையும் மறைமாவட்டங்களாகப் பிரித்தார்கள். 1111-ல் ராத் ப்ரெசில் சபை போட்ட பட்டியலில் க்ளான்மக்னாய்ஸ் பெயரே இல்லை. அதே வருடம் இன்னொரு கூட்டம் கூடி மேற்கு மீத் பகுதியை அதற்கு ஒதுக்கிக் காப்பாற்றியது. கிடைத்ததோ சின்ன, ஏழை மறைமாவட்டம். 1142-ல் சிஸ்டர்சியன் என்ற ஐரோப்பியத் துறவுச் சபையினர் மெல்லிஃபன்டில் வந்து இறங்கியதும் அரசர்களின் தங்கம் அந்தப் பக்கம் திரும்பியது. டெர்வர்கில்லாவின் 60 அவுன்ஸும் அங்கேதானே போனது? தகப்பன், மகன் என்று பதவியை வைத்திருந்த பழைய குடும்பங்களுக்குப் புதிய ஒழுங்கில் இடம் இல்லை.

செந்தூரன்:
பாதை, சீர்திருத்தம் எல்லாம் சரி. ஆனால் 1552-ஐ விட்டுவிட்டீர்கள். அத்லோனிலிருந்த ஆங்கிலேயப் படை வந்து சூறையாடியது. பெரிய மணி, சிறிய மணி, உருவம், பீடம், புத்தகம், இரத்தினம், ஜன்னல் கண்ணாடிகூட மிச்சமில்லை என்று ஆண்டுக்குறிப்பு புலம்புகிறது. காலியான ஊரில் இவ்வளவு எப்படி இருந்தது? உயிரோடு இருந்ததைத்தான் கொன்றார்கள் என்பேன்.

ஆற்றோரம்:
நல்ல கேள்வி. பேராலயமாக அது உயிரோடுதான் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில்கூட அதன் வடக்கு வாசலை ஓடோ என்ற டீன் (பேராலயத்தின் தலைமைக் குரு) புதிதாகச் செதுக்க வைத்தார். மேலே பேட்ரிக், பிரான்சிஸ், டொமினிக் மூவரும் நிற்பார்கள். ஆனால் சுற்றியிருந்த ஊர் அதற்கு முன்பே கரைந்துவிட்டது. 833-ல் எரித்தபோது திரும்பக் கட்ட ஆட்களும் பணமும் இருந்தார்கள். 1552-க்குப் பிறகு யாரும் கட்டவில்லை. 1569-ல் மறைமாவட்டத்தையே மீத்தோடு இணைத்துவிட்டார்கள். படை செய்த கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணாடிகூட விடவில்லை என்ற அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

மீனலோசனி:
புத்தகம் என்றதும் ஒன்று. முழுக்க ஐரிஷ் மொழியில் எழுதி இன்றும் இருக்கும் ஏடுகளில் மிகப் பழையது 'லெபோர் ந ஹீத்ரே' (பழுப்புப் பசுவின் நூல்). கீரானின் பசுத்தோலில் எழுதியது என்று மரபு. அதன் எழுத்தர்களில் ஒருவர் மேல் மூரா, இந்த ஊரின் குருக்கள் குடும்பத்தவர். 1106-ல் க்ளான்மக்னாய்ஸ் கல்கோயிலுக்குள்ளேயே கொள்ளையர்கள் அவரைக் கொன்றார்கள். மாடு கவரப் போன போரின் பழங்கதை, கிறிஸ்தவத்துக்கு முந்தைய வீரர்களின் கதை, இவற்றையெல்லாம் துறவிகள் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. அதில் இப்போது 67 தோல்தாள்களே மிச்சம், டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாடமியில் பாதுகாக்கிறார்கள். 1552 படையின் கையில் அது சிக்காததற்குக் காரணம், அதற்கு வெகு முன்பே வடக்கத்திய பிரபுக்களிடம் போய்விட்டிருந்தது!

கல்வெட்டுப்பிரியன்:
கொள்ளை என்றால் 1129-ஐயும் சொல்லியாக வேண்டும். பீடத்திலிருந்த பொக்கிஷங்கள் திருடுபோயின. அடுத்த வருடம் லிம்ரிக் வைக்கிங் வம்சத்தாரிடம் அவை அகப்பட்டன, கில்லாகோவன் என்ற திருடனைத் தூக்கிலிட்டார்கள். அவன் சாகும்போது சொன்னதாக ஒரு குறிப்பு: கார்க், லிஸ்மோர், வாட்டர்ஃபோர்ட் என்று துறைமுகம் துறைமுகமாக அலைந்தானாம். மற்ற கப்பல்களுக்கெல்லாம் காற்று அடித்தது, அவன் ஏறிய கப்பலுக்கு மட்டும் அடிக்கவில்லை. கீரான் கோலை நீட்டிக் கப்பலைத் தடுத்து நிற்பதைக் கண்ணால் பார்த்தானாம்.

ஜோசப்_தூத்துக்குடி:
அடுத்த வருடம் டப்ளின் வருகிறேன். போக என்ன வழி, தம்பி?

ஆற்றோரம்:
டப்ளினிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம் அண்ணா, எம்6 சாலையில் அத்லோன்வரை வந்து தெற்கே திரும்பணும். பஸ்ஸை நம்பிக் கிளம்ப வேண்டாம். முதலில் பார்வையாளர் மையத்துக்குள்ளே அசல் சிலுவைகளையும் கல்லறைப் பலகைகளையும் பார்த்துவிட்டு வெளியே வாங்க, அப்போதுதான் நகல்களில் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். கன்னியர் கோயில் வளாகத்துக்கு வெளியே இருப்பதால் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் போகும் பாதையில் போனால் வலது பக்கம் வரும். குளிர்காலத்தில் ஷானன் பொங்கி ஆற்றோர நிலமெல்லாம் தண்ணீராக நிற்கும், அதனால் மே முதல் செப்டம்பருக்குள் வந்தால் நல்லது. வரும் தேதி தெரிந்ததும் தனிமடலில் சொல்லுங்க, அத்லோனிலிருந்து நானே கூட்டிப்போகிறேன்.